மொய் நோட்டும் அக்சனார் வழக்கும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம் இருக்கும். மண்டபம் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஐந்து பையன்கள் என்னைத் தேடி வந்தார்கள். ராமநாதபுரத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதுதான் என் ஆபீஸ். வருமான வரி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், சங்கப் பதிவு, இதுதான் பிழைப்பு. நான் சி.ஏ. படித்தவன் இல்லை. ஆனாலும் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மறுத்துச் சொல்வதை நானும் எப்போதோ விட்டுவிட்டேன்.

பையன்கள் ஒரு ரசிகர் படம் எடுக்கப் போகிறார்கள். ஊரறிந்த தமிழ்ப் படம் ஒன்றில் வரும் வில்லன், ஒரே ஒரு காட்சியில் தான் ராமநாதபுரத்துக்காரன் என்று சொல்லிவிட்டுப் போவான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய இளவயதுக் கதையை எழுதியிருந்தார்கள். பாம்பன் பாலம், தனுஷ்கோடி இடிபாடு, வாலிநோக்கம் உப்பளம் என்று நாற்பது நிமிடப் படம். சும்மா சொல்லக் கூடாது, எழுத்து நன்றாகவே இருந்தது.

காசும் சேர்ந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு டீசரைப் போட்டு, யூ.பி.ஐ. நம்பரைக் கொடுத்து, 126 பேரிடம் 3,42,000 ரூபாய். பாதிக்கு மேல் துபாய், சவுதி, கத்தாரில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பியது. எல்லாம் ஒரு பையனுடைய சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அவர்கள் என்னிடம் கேட்க வந்தது ஒன்றுதான்: “அண்ணே, இதுக்கு வரி கட்டணுமா?”

“வரி இருக்கட்டும் தம்பி. கதை யாருது?” என்றேன். ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர்களை உட்காரவைத்து நான் சொன்னது அமெரிக்காவில் நடந்த அக்சனார் வழக்கு. இவர்கள் எடுக்க நினைத்த அதே மாதிரிப் படம், அதே மாதிரி வசூல். கடலும் கோடியும் மட்டும்தான் வேறு.

‘ஸ்டார் ட்ரெக்’ 1966 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய விண்வெளித் தொடர். 1969ல் ஒளிபரப்பான ஒரு கதையில் கார்த் என்ற தளபதி வருவான். அக்சனார் என்ற இடத்தில் அவன் வென்ற போரைப் பற்றிச் சில வரி பேசுவார்கள், அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷம் கழித்து அலெக் பீட்டர்ஸ் என்ற ரசிகர் அந்தச் சில வரியைப் பிடித்துக்கொண்டார். அந்தப் போரையே முழுநீளப் படமாக எடுப்பது, கார்த்தாகத் தானே நடிப்பது என்பது அவருடைய திட்டம். இதைச் சொன்னதும் கதை எழுதிய பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

பீட்டர்ஸ் முதலில் ஒரு முன்னோட்டம் எடுத்தார். 2014 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் என்ற, பொதுமக்களிடம் பணம் திரட்டும் இணையதளத்தில் பணம் கேட்டார், ஒரு லட்சம் டாலருக்கு மேல் வந்தது. ‘பிரிலூட் டு அக்சனார்’ என்று 21 நிமிடம். அதே ஜூலையில் சான் டியாகோவில் நடக்கும் காமிக்கான் என்ற ரசிகர் விழாவில் திரையிட்டார்கள். அது வீட்டு மாடியில் அட்டை ஒட்டி எடுத்த படம் மாதிரி இல்லை. தொழில்முறை நடிகர்கள் இருந்தார்கள். முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரில் சோவால் என்ற தூதராக (வல்கன் என்ற கூர்க்காது வேற்றுக்கிரக இனத்தவர்) நடித்த கேரி கிரஹாம், இதிலும் அதே பாத்திரமாக வந்தார். கிராஃபிக்ஸும் ஒலியும் சினிமாத் தரம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

பிறகு பணம் கொட்டியது. 2014 ஆகஸ்டில் மறுபடியும் கிக்ஸ்டார்ட்டரில் 6,38,471 டாலர். 2015 கோடையில் இண்டிகோகோ என்ற அதே மாதிரித் தளத்தில் 5,74,434 டாலர். முன்னோட்டத்துக்கு வந்ததையும் சேர்த்தால் 13 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் எட்டுக் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு ரசிகர் படத்துக்கு!

நான் கணக்குப் பார்க்கிறவன். இந்த வழக்கில் என் கண் முதலில் போனது, இந்தப் பணம் என்ன ஆனது என்பதன் மேல்தான். கலிபோர்னியாவில் வலென்சியா என்ற ஊரில் ஒரு கிடங்கை வாடகைக்குப் பிடித்து ஸ்டுடியோவாக மாற்றினார்கள். மாதாமாதம் வாடகை, சீரமைப்பு வேலை, ஆட்கள் சம்பளம். படம் முடிந்த பிறகும் அந்த இடத்தை ஸ்டுடியோவாக வைத்து நடத்தும் எண்ணம் இருந்தது. பீட்டர்ஸ் தனக்கும் சம்பளம் எடுத்துக்கொண்டார். அவர்களே வெளியிட்ட ஆண்டறிக்கையில் அது சுமார் 38,000 டாலர் என்று இருக்கிறது. அக்சனார் பெயரில் காபித்தூள்கூட விற்றார்கள். முழுப்படத்துக்கென்று வெளியே வந்தது ஒரே ஒரு வல்கன் காட்சி.

சம்பளம் எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வருஷம் முழுநேரமாக உழைப்பவன் சாப்பிட வேண்டாமா? அறிக்கையிலும் அதை மறைக்கவில்லை. ஆனால் நம் ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி வசூலிக்கிற ஆள் அதிலிருந்தே தன் வீட்டுக்கு அரிசி வாங்கினால், அதை நோட்டில் ஒழுங்காக எழுதியே வாங்கினாலும், ஊர் என்ன பேசும்? அதுவும் இங்கே சாமியே அடுத்த ஊர்ச் சாமி. தொடரின் உரிமை சி.பி.எஸ். நிறுவனத்திடமும் திரைப்படங்களின் உரிமை பாரமவுண்டிடமும் இருந்தது.

அந்த இரண்டு நிறுவனங்களும் பல வருஷமாக ரசிகர் படங்களைக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தன. எழுதிக் கொடுத்த அனுமதி எதுவும் கிடையாது, கேட்டவர்களுக்குத் தெளிவான பதிலும் கிடையாது. காசு பண்ணாதவரை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இதில் நிறுவனங்கள் பக்கமும் பிசகு உண்டு என்றுதான் நினைக்கிறேன். பொறம்போக்கில் குடிசை போடுகிறவனைப் பத்து வருஷம் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, அவன் மாடி கட்டும் அன்றைக்கு ஜே.சி.பி.யோடு வருகிற கதைதான் இது. ஆனால் பொறம்போக்கு பொறம்போக்குதான், பட்டா ஆகிவிடாது.

2015 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அமெரிக்கச் சட்டப்படி, தெரிந்தே செய்த பதிப்புரிமை மீறல் என்று நிரூபணமானால் ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு போகலாம். தொடராக வந்தவை, படமாக வந்தவை என்று எத்தனை படைப்பு இருக்கிறது, பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பீட்டர்ஸுக்கு ஒரு நல்ல காலம், பெரிய சட்ட நிறுவனம் ஒன்று காசு வாங்காமல் வாதாட முன்வந்தது. இல்லாவிட்டால் ரசிகர்கள் கொடுத்த பணம் முழுவதும் வக்கீல் ஃபீஸுக்கே காணாது.

எந்தெந்தப் பொருளைக் களவாடினோம் என்று சொல்லவே இல்லையே என்று பீட்டர்ஸ் தரப்பு கேட்டது. வாதிகள் திருத்திய மனுவில் பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள்: கார்த், சோவால், கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனம், வல்கன்களின் கூர்க்காது, சீருடை, கப்பல்களின் வடிவம், கிளிங்கான் மொழி. மொழி என்றதும் விவகாரம் சுவையானது. செயற்கை மொழிகளை உருவாக்குகிறவர்களின் சங்கம் ஒன்று, பேசுகிற மொழி எப்படி ஒரு நிறுவனத்தின் சொத்தாகும் என்று நடுவே ஒரு மனு போட்டது. அதில் கிளிங்கான் மொழியிலேயே சில வரிகள். மொழி யாருக்குச் சொந்தம் என்று நம் ஊரில் ஆரம்பித்தால் விடிய விடிய ஓடும். நீதிபதி அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

2016 மே 20 அன்று, ஸ்டார் ட்ரெக் படங்களை இயக்கிய ஜே.ஜே. ஆப்ராம்ஸ் ஒரு ரசிகர் விழா மேடையில், வழக்கு சீக்கிரம் போய்விடும் என்று அறிவித்தார். கைதட்டல் பறந்தது. வழக்கு போகவில்லை. மேடையில் சொன்னதை நம்பி யாராவது நீதிமன்றத்துக்கு வாய்தாவுக்குப் போகாமல் இருப்பார்களா?

ஜூன் 23 அன்று இரு நிறுவனங்களும் சேர்ந்து ரசிகர் படங்களுக்கு விதிகள் வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிடம், மிஞ்சினால் இரண்டு பகுதியாக 30 நிமிடம். தொடர்கதை கூடாது. 50,000 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது. யாருக்கும் சம்பளம் கூடாது. அதிகாரபூர்வத் தொடரிலோ படத்திலோ ஒருமுறை வேலை செய்தவர்கூட இதில் இருக்கக் கூடாது. தலைப்பில் ‘ஸ்டார் ட்ரெக்’ வரக் கூடாது. ஒவ்வொரு விதியையும் படித்தால் அக்சனாரைப் பக்கத்தில் நிற்கவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும். அதை மாட்டிக்கொண்டது மற்ற எல்லா ரசிகர்களும். வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் பலர் கடையைக் கட்டினார்கள். எனக்கு இந்த வழக்கிலேயே வருத்தமான பக்கம் இதுதான்.

நீதிபதி ஆர். கேரி கிளாஸ்னரின் முக்கியமான உத்தரவு 2017 ஜனவரி முதல் வாரத்தில் வந்தது. எங்களுடையது அனுமதி இல்லாமலே எடுத்தாளச் சட்டம் விடுகிற ‘நியாயமான பயன்பாடு’, போலி ஆவணப்பட வடிவத்தில் எடுத்திருக்கிறோம், இலவசமாகத்தான் காட்டுகிறோம் என்பது பீட்டர்ஸ் தரப்பு வாதம். நீதிபதி ஏற்கவில்லை. இது கேலியும் இல்லை, விமர்சனமும் இல்லை; அசலைப் போலவே இருக்க வேண்டும் என்றுதான் மெனக்கெட்டு எடுத்திருக்கிறீர்கள் என்றார். இலவசமாகக் காட்டினாலும், அந்தப் பெயரை வைத்துத்தான் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினீர்கள். சுற்றிவளைத்தாவது உங்களுக்கு ஆதாயம் உண்டு என்றார். பார்க்கிற சாதாரண ஆளுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகிறதா என்ற கேள்வியை மட்டும் ஜூரிக்கு விட்டுவைத்தார்.

பையன்களிடம் நான் இரண்டு முறை சொன்னது இந்த இடத்தைத்தான். “டிக்கெட் போட்டாத்தான் வியாபாரம்னு நினைக்காதீங்கடா. அந்தப் பேரச் சொல்லிக் கை நீட்டி வாங்குனதே கணக்குல ஏறிருச்சு.”

ஜனவரி 31 விசாரணை தொடங்க வேண்டிய நாள். ஜனவரி 20 அன்று சமாதானம் ஆனது. எல்லை தாண்டிவிட்டோம் என்று பீட்டர்ஸ் தரப்பு ஒப்புக்கொண்டது. முழுநீளப் படம் கிடையாது. 15 நிமிடத்தில் இரண்டு பகுதி எடுத்துக்கொள்ளலாம். விளம்பரம் இல்லாமல் யூடியூபில் போடலாம். பொதுமக்களிடம் இனி பணம் கேட்கக் கூடாது. அதற்குள் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. படத்துக்காகக் காசு கொடுத்தவர்களுக்குப் படமும் இல்லை, பணமும் இல்லை.

அதே காலத்தில் இன்னொரு ரசிகர் குழு பழைய தொடரின் தொடர்ச்சியாக ‘ஸ்டார் ட்ரெக் கண்டின்யூஸ்’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களும் பொதுமக்களிடம்தான் பணம் வாங்கினார்கள், ஆனால் லாபநோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்து வாங்கினார்கள். புதிய விதிகளுக்கு அவர்களுடைய பகுதிகளும் பொருந்தவில்லை. ஆனாலும் 2017 நவம்பரில் பதினோராவது பகுதியோடு தங்கள் கதையை முடித்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் வழக்கு இல்லை. சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒருவர் மேல் மட்டும் பாய்ந்தார்கள்? அந்தக் கிடங்கும் சம்பளமும் காபித்தூளும்தான் காரணம் என்பது என் கணிப்பு.

சரி, நம் கடற்கரைக்கு வருவோம்.

“அது அமெரிக்காண்ணே, இங்க யாரு கேக்கப்போறா” என்றான் ஒருவன். இங்கே நிலைமை இன்னும் இறுக்கம். நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ல் வந்தது. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி என்று சில காரணங்களைப் பெயர் சொல்லித்தான் அது விலக்கு தருகிறது. ரசிகன் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. தெரிந்தே மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று குற்றவியல் பிரிவும் உண்டு. வெறும் பாத்திரத்துக்கு உரிமை உண்டா என்று கேட்டால், ‘தபங்’ படத்து போலீஸ்காரர் பாத்திரம் பற்றிய வழக்கில் 2016ல் மும்பை உயர் நீதிமன்றம், தனித்தன்மையுள்ள பாத்திரத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்ற கருத்தைக் கொள்கையளவில் ஏற்றது. கடைசி நேரத்தில் வந்தார்கள் என்பதால் தடை மட்டும் கொடுக்கவில்லை.

அப்புறம் பணம். வரி ரொம்பச் சின்ன விஷயம். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் முழுத்தொகையும் வருமானம். அந்தப் பையனுக்கு வேறு வருமானம் இல்லை, வரி வராது, கணக்குக் காட்டினால் போதும். வளைகுடாப் பணத்துக்கும் பயமில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது.

இடித்தது இரண்டு இடம். பினாங்கிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய் கொடுத்திருந்தார். கீழக்கரைப் பக்கம் பூர்வீகம், ஆனால் இரண்டு தலைமுறையாக மலேசியக் குடிமகன். இந்தப் பையன்களுக்கு உறவும் இல்லை. பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஒரு குழு, கலை காரியத்துக்கென்று வெளிநாட்டுக் குடிமகனிடம் பணம் வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் வந்து நிற்கும். “நம்ம காக்காதாண்ணே அவரு” என்றான் ஒரு பையன். காக்கா என்றால் அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். காக்காதான், ஆனால் பாஸ்போர்ட் காக்கா இல்லையே.

இரண்டாவது, பத்தாயிரத்துக்கு மேல் தருகிறவர்களுக்கு யூடியூப் வருமானத்தில் பங்கு என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார்கள். பதினொரு பேர் அதை நம்பிக் கொடுத்திருந்தார்கள். எனக்குப் பகீரென்றது. படத்தைப் பார்க்க ஆசைப்பட்டுக் கொடுப்பது வேறு, லாபம் வரும் என்று கொடுப்பது வேறு. லாபம் என்று சொன்ன அந்த நிமிடமே நன்கொடை முதலீடாகிவிடுகிறது. ஃபைனான்ஸ் கம்பெனிகள் மக்களைக் கவிழ்த்த காலத்தில்தான் தமிழ்நாடு 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட்களைத் தடைசெய்து 2019ல் மத்தியச் சட்டமும் வந்தது. ஒருவர் கோபத்தில் புகார் எழுதினால் போதும், பையன்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

படப்பிடிப்புத் திட்டத்தைப் புரட்டினால் குருசடைத் தீவில் இரண்டு நாள், ட்ரோன் நான்கு நாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல் படை. இந்தக் கரையில் ட்ரோனைக் கிளப்புகிறேன் என்பவனுக்கு நான் வணக்கம் சொல்லிவிடுவேன். இரண்டையும் அங்கேயே அடித்துவிட்டோம்.

பிறகு நான் கேட்டேன், “யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு எங்கடா எழுதி வச்சிருக்கீங்க?” ஃபோனில் இருக்கிறது என்றார்கள். என் தங்கை மகள் காதுகுத்துக்கு வந்த மொய் நோட்டை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன். பெயர், ஊர், தொகை. ஐம்பத்தொரு ரூபாய் எழுதியவர் பெயரும் இருக்கும். மொய்யில் ஏமாற்ற முடியாது, காரணம் அது திரும்பப் போக வேண்டிய பணம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். அன்றிரவே பையன்கள் நாற்பது பக்க நோட்டு வாங்கி 126 பெயரையும் எழுதினார்கள். அதில் ஏழு பேர் யாரென்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

மறுவாரம் எல்லோருக்கும் ஒரே செய்தி போனது. வில்லன் கதை இல்லை. அவன் பெயர், அவன் நடை, பின்னணி இசை எதுவும் இருக்காது. சொந்தக் கதையாக மாற்றுகிறோம். லாபப்பங்கு என்று எழுதியது தவறு, அதை ரத்து செய்கிறோம். வேண்டாம் என்பவர்கள் சொன்னால் பணம் திருப்பித் தரப்படும். பத்தொன்பது பேர் கேட்டார்கள். பினாங்குக்காரருடையதையும் சேர்த்து 83,000 ரூபாய் திரும்பிப் போனது. அவர் திருப்பி வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார், அவரைச் சம்மதிக்கவைப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மீதி 2,59,000. ஐந்து பேரையும் உறுப்பினராகப் போட்டு, தெரிந்த பெரியவர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, சங்கமாகப் பதிவு செய்து, அதன் பெயரில் தனிக் கணக்கு திறந்து பணத்தை மாற்றினோம்.

கதை எழுதிய பையன் மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவனுடைய வில்லன் செத்துவிட்டான் இல்லையா. மூன்றாம் நாள் வந்து புதுக்கதை சொன்னான். சங்கு குளிக்கிறவர் மகன், தடைக்காலத்தில் அப்பாவின் வள்ளத்தை விற்பதா வேண்டாமா என்று திண்டாடுகிற கதை. முந்தையதைவிட நல்ல கதை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வில்லன் கதைதான் எனக்கும் பிடித்திருந்தது.

ஜூன் 14ல் தடைக்காலம் முடிவதற்குள் படப்பிடிப்பை முடித்தாக வேண்டும், போட்டுகள் கரையில் நிற்பதும் நடிக்க ஆள் கிடைப்பதும் அதுவரைதான். பதினொரு நாளில் எடுத்தார்கள். படம் 14 நிமிடம்.

வலை பின்னும் கூடத்தில் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டினார்கள். காட்டி முடித்ததும் நோட்டைப் பிரித்துக் கணக்கு வாசிக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. கேமரா வாடகை, லைட், டீசல், எடிட்டிங், சாப்பாடு என்று ஒரு பையன் வாசித்துக்கொண்டே வந்தான். டீ, வடை 14,200 என்றதும் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்துவிட்டார். “பதினோரு நாளைக்கு டீ மட்டும் பதினாலாயிரமா? வள்ளத்தவுல்ல வாங்கியிருக்கலாம்!” நாள் வாரியாக எத்தனை ஆள், எத்தனை டீ, எத்தனை வடை என்று படித்துக் காட்டும்வரை அவர் உட்காரவில்லை. அரைமணி நேரம் போனது. படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசியிருப்பார்கள்.

மொத்தச் செலவு 2,36,400. மிச்சம் 22,600. அதில் அந்தக் கூடத்துக்கு நாலு சீலிங் ஃபேன் வாங்கி மாட்டலாம் என்று கொடுத்தவர்கள் குழுவில் ஓட்டுப் போட்டு முடிவானது. ரசீது என் ஃபைலில் இருக்கிறது.